பொம்மை வண்டி தினமும் மோதுகிறது

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். எட்டு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், அவன் பள்ளிக்கூட வேலைக்குச் சார்ட் பேப்பர் வாங்க அவன் அப்பா கடைத்தெருவுக்குப் போனார். திரும்பும்போது ஒரு குட்டியானை வண்டி பைக்கில் மோதிவிட்டது. தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். இப்போது ஊன்றுகோல் வைத்து நடக்கிறார். அதிலிருந்து மகன் ராத்திரியில் படுக்கையை நனைக்கிறான். மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கம் இது. பைக் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறான். தினமும் ஒரு பொம்மை வண்டியை இன்னொன்றின் மேல் மோதிக் கவிழ்ப்பான், நிமிர்த்துவான், மறுபடி மோதுவான். "வீட்டுல இது அபசகுனம்" என்று என் மாமியார் அந்த வண்டிகளை ஒளித்து வைத்துவிட்டார். 12 வயது மகள் ஒன்றும் கேட்பதில்லை, எல்லா வேலையும் தானே செய்கிறாள். கதை சொல்லியும் நாடகம் போட்டும் பிள்ளைகளின் பயத்தைப் போக்கலாம் என்கிறார்கள். வீட்டில் நாங்களே செய்யலாமா? என்ன கதை சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஒட்டன்சத்திரம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக அந்த வண்டிகளை எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுங்கள். வாய்க்கு வராத ஒன்றை அவன் கையால் சொல்லிக்கொண்டிருக்கிறான். பாட்டியின் பயம் புரிகிறது. ஒருமுறை நடந்ததை வீட்டுக்குள் மறுபடி நடத்திக் காட்டினால் பலித்துவிடுமோ என்பது பெரியவர்களுக்கு வரும் அச்சம்தான். ஆனால் வண்டியை எடுத்துவிட்டால் விளையாட்டு நிற்குமே தவிர, உள்ளே ஓடும் காட்சி நிற்காது.

1976இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சௌசில்லா என்ற ஊரில், 26 பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தோடு கடத்தி, கல்குவாரியில் புதைத்து வைத்திருந்த ஒரு பெரிய வண்டிப் பெட்டிக்குள் அடைத்தார்கள். பிள்ளைகள் அத்தனை பேரும் உயிரோடு தப்பினார்கள். பின்னர் அவர்களைத் தொடர்ந்து பார்த்துவந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அவர்கள் விளையாட்டில் ஒன்றைக் கவனித்தார். நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடினார்கள். அதில் சிரிப்பும் இல்லை, விளையாடி முடித்த ஆறுதலும் இல்லை. உங்கள் மகன் விளையாட்டிலும் இதைத்தான் பார்க்க வேண்டும்: அது நகர்கிறதா, நின்ற இடத்திலேயே சுற்றுகிறதா?

ஒரு வாரம் குறுக்கிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவன் போன பிறகு ஒரு நோட்டில் நாலு வரி குறித்து வையுங்கள். வண்டி எந்தப் பக்கம் விழுந்தது, மோதிய பிறகு யாராவது வந்தார்களா, விழுந்தது எழுந்ததா, அவன் முகம் எப்படி இருந்தது. ஒருநாள் ஆம்புலன்ஸ் வந்தால், ஒருநாள் வண்டி பட்டறைக்குப் போனால், ஒருநாள் மோதாமலே தாண்டிப் போனால் விளையாட்டு நகர்கிறது. எட்டு மாதமாக ஓர் இம்மி மாறாமல், மூச்சு வேகமாகி, முகம் இறுகி, கூப்பிட்டாலும் காதில் விழாமல் விளையாடுகிறான் என்றால் அவனால் தனியாக வெளியே வர முடியவில்லை. அப்போது அவனுக்கு ஒரு துணை ஆட்டக்காரர் வேண்டும்.

அதற்கு முன் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைத் திரும்பப் படியுங்கள். அப்பா அன்றைக்குப் போனது அவனுக்குச் சார்ட் பேப்பர் வாங்க. ஏழு வயதில் பிள்ளைகள் காரணத்தைத் தங்களிடமிருந்தே தொடங்கித் தேடுவார்கள். "நான் கேட்டேன், அப்பா போனார், அடிபட்டது" என்று மூன்றையும் ஒரே நூலில் கோத்துக்கொள்வது அந்த வயதில் மிகச் சாதாரணம். அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள், சொன்னால் திட்டு விழும் என்று நினைப்பார்கள். உங்கள் மகன் அப்படித்தான் நினைக்கிறான் என்று கடிதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அப்படி நினைத்திருந்தால், எத்தனை கதை சொன்னாலும் அந்த முள் உள்ளேயே இருக்கும்.

அதனால் கதைக்கு முன்னால் உண்மை. ஒரு பகல் நேரத்தில் அவன் அப்பாவே, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஐந்தாறு வாக்கியத்தில் சொல்லட்டும். இப்படி: "அன்னைக்கு நான் ரோட்டுல வந்துக்கிட்டிருந்தேன். ஒரு வண்டி வந்து இடிச்சிடுச்சு. கால் எலும்பு உடைஞ்சது, ரொம்ப வலிச்சது. டாக்டருங்க கம்பி வச்சு எலும்பைச் சேர்த்துட்டாங்க. நீ சார்ட் கேட்டதால இது நடக்கலை. பிள்ளைங்களுக்கு வேணுங்கிறதை வாங்கித் தர்றது அப்பாவோட வேலை, அன்னைக்குப் பாலுக்குப் போயிருந்தாலும் அதே ரோட்டுலதான் போயிருப்பேன்." அவ்வளவுதான். "நீ அப்படி நினைச்சியா?" என்று கேட்க வேண்டாம், அது விசாரணையாகிவிடும். ரத்தம், கூட்டம், சத்தம் பற்றிய விவரம் வேண்டாம். அவன் கேள்வி கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில். ஒன்றும் பேசாமல் எழுந்து விளையாடப் போனாலும் சொன்னது உள்ளே போயிருக்கும்.

படுக்கை நனைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நின்றுபோன பழக்கம் திரும்பி வந்தால் மனசு மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று, சர்க்கரை, மலச்சிக்கல் மூன்றையும் குழந்தை மருத்துவரிடம் காட்டிப் பார்த்துவிடுங்கள். அதுவரை திட்டு வேண்டாம், விருந்தாளிகள் முன் பேச்சு வேண்டாம்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். "என்ன கதை சொல்வது?" நீங்கள் ஒரு கதையும் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோர் தேர்ந்தெடுக்கும் கதை எப்போதும் ஓர் இடத்துக்கு வேகமாக ஓடும்: பயப்படாத முயல், தைரியமான குருவி, கடைசியில் எல்லாரும் சந்தோஷம். "நீ பயப்படறது எங்களுக்குக் கஷ்டமா இருக்கு, சீக்கிரம் நிறுத்து" என்றுதான் பிள்ளைக்கு அது கேட்கும். கதையை அவன் கட்ட வேண்டும். நீங்கள் கேள்வி கேட்டுக் கூடவே நடக்க வேண்டும். விபத்தைப் பற்றி அவனால் பேச முடியாது. சக்கரம் உடைந்த ஒரு கட்டைவண்டியைப் பற்றிப் பேச முடியும். அந்த இடைவெளிதான் இந்த முறையில் மருந்து. ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் மூழ்குவான், ரொம்பத் தள்ளி வைத்தால் அவனைத் தொடவே தொடாது.

வாரத்தில் இரண்டு நாள், அதே கிழமை, அதே நேரம், 35 நிமிடம். மாலை 6 மணி நல்லது; தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம், கிளறிவிட்ட மனசோடு படுக்கக் கூடாது. ஒரே பாய், ஆட்டம் நடக்கும் இடம் அது மட்டும்தான். டிவியும் போனும் நிறுத்தியிருக்கட்டும். வீடியோ எடுக்கக் கூடவே கூடாது. சித்திக்கு அனுப்ப எடுத்த 30 வினாடி வீடியோ போதும், பிள்ளை அதன் பிறகு உங்களுக்காக நடிக்கத் தொடங்கிவிடுவான்.

பிரிட்டனைச் சேர்ந்த நாடக சிகிச்சையாளர் சூ ஜென்னிங்ஸ், குழந்தையின் விளையாட்டு வளரும் வரிசையைச் சொல்லியிருக்கிறார்: முதலில் உடம்பு, பிறகு கைக்கு வெளியே இருக்கும் பொருள், கடைசியில் வேஷம். பெரியவர்கள் செய்யும் தப்பு, நேராக வேஷத்துக்குத் தாவுவது. "நீ டாக்டர், நான் நோயாளி" என்று முதல் நாளே தொடங்கினால் பயந்த பிள்ளை கல்லாகிவிடும்.

ஆகவே முதல் ஐந்து நிமிடம் உடம்பு. ஒரு விரலால் பாயில் தட்டுவது தூறல், இரண்டு விரல் மழை, இரண்டு கையும் தட்டினால் அடைமழை, மறுபடி தூறல். அப்புறம் எல்லோரும் நடப்பீர்கள். அவன் "நில்லு" என்றால் எல்லோரும் அப்படியே சிலையாக நிற்க வேண்டும், அப்பா ஊன்றுகோலோடு உட்கார்ந்த இடத்திலேயே கையைத் தூக்கியபடி. இது சின்ன விளையாட்டாகத் தெரியும். எதையும் நிறுத்த முடியாமல் போன ஒரு பிள்ளைக்கு, தன் ஒரு சொல்லுக்கு வீடே நிற்பது சின்ன விஷயம் இல்லை.

அடுத்த இருபது நிமிடம் பொருள். முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு பழைய புடவையை விரித்து, ஒரு தட்டில் பதினைந்து சாமான் வையுங்கள்: வண்டிகள், சொப்புச் சாமான், மனித பொம்மைகள், கொஞ்சம் பஞ்சு, கட்டுத் துணி, கயிறு, காலித் தீப்பெட்டி, நாலு கூழாங்கல். அவன் அடுக்குவதைப் பார்த்து, கண்ணில் தெரிவதை மட்டும் சொல்லுங்கள்: "வண்டி கவுந்து கிடக்குது. பக்கத்துல யாரும் இல்ல." பிறகு ஒரே ஒரு கேள்வி: "அந்த வண்டிக்கு இப்ப என்ன வேணுமாம்?" பதில் வரவில்லையா, விடுங்கள். "இது நம்ம அப்பா வண்டியா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவன் கதைக்குள் இருக்கும்வரை நீங்களும் கதைக்குள்தான் இருக்க வேண்டும். அவனாக வெளியே வந்து "எங்கப்பா மாதிரி" என்றால் "ம், அப்பா மாதிரி" என்று தலையாட்டுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள். யானையையும் நீங்களாகக் கதைக்குள் கொண்டுவர வேண்டாம். மோதிய வண்டியை உங்கள் வீட்டில் குட்டியானை என்றுதானே சொல்லியிருப்பீர்கள்? அவன் கொண்டுவந்தால் வரட்டும்.

மூன்றாம் வாரம் ஆறு கட்டக் கதை. ராக்கெட் தாக்குதல்களுக்கு நடுவில் வாழ்ந்த வடக்கு இஸ்ரேலின் கிர்யாத் ஷ்மோனா ஊரில் பணியாற்றிய உளவியலாளர் மூலி லகாட் உருவாக்கிய முறை இது. ஒரு தாளை ஆறு கட்டமாக மடியுங்கள். தயவுசெய்து சார்ட் பேப்பர் வேண்டாம், மாதக் காலண்டரின் பின்பக்கம் போதும். ஒன்று: கதையில் யார்? இரண்டு: அவருக்கு என்ன வேணும், எங்கே போகணும்? மூன்று: யார், எது உதவி? நாலு: எது குறுக்கே நிற்கிறது? ஐந்து: அதை எப்படிச் சமாளிக்கிறார்? ஆறு: அப்புறம் என்ன ஆச்சு? ஒவ்வொன்றையும் கிறுக்கலாகவாவது வரையட்டும். முடித்த பிறகு அவனே கதையாகச் சொல்லட்டும், நீங்கள் இடையில் பேசக் கூடாது.

இதில் மூன்றையும் ஐந்தையும் உற்றுக் கேளுங்கள். பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது அங்கேதான் தெரியும். சாமி வந்து காப்பாற்றுகிறதா, அழுது தீர்க்கிறாரா, கூட்டாளி வருகிறானா, மந்திரம் போடுகிறாரா, யோசித்து வழி கண்டுபிடிக்கிறாரா, ஓடிக் குதித்துத் தப்புகிறாரா? லகாட் இந்த ஆறு வழியையும்தான் தேடச் சொல்கிறார். உங்கள் மகன் கதையில் கூட்டாளியே வந்துகொண்டிருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு அவன் விளையாடும் நேரத்தைக் கூட்டுங்கள். மூன்றாம் கட்டம் காலியாகவே இருந்தால், யாரும் வரமாட்டார்கள் என்று நினைக்கிறான். அது நீங்கள் கவலையோடு பார்க்க வேண்டிய கட்டம்.

கதையில் எல்லோரும் செத்துப்போனால்? பெரும்பாலான அம்மாக்கள் இங்கே பதறி, "இல்லல்ல, டாக்டர் வந்து காப்பாத்திட்டாரு" என்று முடிவை மாற்றிவிடுவார்கள். மாற்றாதீர்கள். "எல்லாரும் செத்துட்டாங்க" என்று அவன் சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொல்லுங்கள். கொஞ்சம் பொறுத்து, "அப்ப அந்தப் பக்கமா யார் வந்தா?" என்று கேளுங்கள். நாய் வந்தது என்பான், மழை வந்தது என்பான், யாரும் வரவில்லை என்பான். எந்தப் பதிலும் சரிதான், அடுத்த வாரம் அதிலிருந்து தொடங்கலாம்.

ஐந்தாம் வாரம் நிழல். இது உங்கள் மகனுக்கு நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். நாலு முழ வெள்ளை வேட்டியை அறை வாசலில் இறுக்கமாக கிளிப் போட்டுக் கட்டுங்கள். பின்னால் ஆறடி தள்ளி ஒரு ஸ்டூலில் எல்இடி மேஜை விளக்கு. துணி பக்கத்தில் இருப்பதால் அகல் விளக்கோ மெழுகுவத்தியோ வேண்டாம். அடுக்களை விளக்கு எரியட்டும், முழு இருட்டு வேண்டாம். காலண்டர் அட்டையில் உள்ளங்கை அளவுக்கு உருவம் வெட்டி, விளக்குமாற்று ஈர்க்குச்சியில் டேப் போட்டு ஒட்டுங்கள். பயமான உருவத்தை அவனே வெட்டி, அவனே பிடிக்கட்டும். அட்டையை விளக்குப் பக்கம் கொண்டுபோனால் நிழல் வேட்டி முழுக்க ஊதிப் பெருக்கும். வேட்டியோடு ஒட்டினால் உள்ளங்கையளவாகச் சுருங்கும். பெரிசாக்குவதும் சிறிசாக்குவதும் தன் கைதான் என்பதை அந்தக் கை தானாகக் கண்டுபிடிக்கும். அதைக் கண்டுபிடித்த கணத்தில் "பாத்தியா, பயமும் இப்படித்தான்" என்று நீங்கள் விளக்கம் சொன்னால் அத்தனையும் பாழ்.

வேஷம் ஏழாம் வாரத்துக்கு முன் வேண்டாம். அதற்கும் தெருக்கூத்தில் ஒரு வழி இருக்கிறது. கூத்தில் வேஷக்காரர் நேராகக் களரிக்குள் வந்துவிடமாட்டார். இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்று குரல் கொடுப்பார். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் இந்தப் பக்கம் நின்று "யார் நீங்கள்?" என்று கேட்டு, பேச்சுக் கொடுத்துத்தான் வெளியே கொண்டுவருவான். வீட்டில் போர்வைதான் திரை, நீங்கள்தான் கட்டியக்காரன். "திரைக்குப் பின்னால யாருங்க? எந்த ஊரு? என்ன வேலையா வந்தீங்க?" முதல் நாள் அவன் குரல் மட்டும் வரும், அல்லது கால் கட்டைவிரல் மட்டும் வெளியே நீளும். அதுவே ஒரு காட்சிதான், போர்வையை விலக்காதீர்கள். கட்டியக்காரனுக்கு இன்னொரு சலுகையும் உண்டு: எதையும் கேட்கலாம், தெரியாதவன்போல் இருக்கலாம். பிள்ளையிடம் கேட்க முடியாததை வேஷத்திடம் கேட்கலாம்.

யாரும் தன் வேஷத்தைத் தானே போடக் கூடாது என்பது மாறாத விதி. அப்பா அடிபட்டவராக நடிக்கக் கூடாது. மகன் வண்டியோட்டி ஆகக் கூடாது. யாரும் தரையில் விழுந்து கிடக்கக் கூடாது. அப்பாவுக்கு நான் சொல்வது பட்டறைக்காரர் வேஷம். நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் ஒரு பெட்டியில் ஸ்குரூடிரைவர், பசை, நூல். பிள்ளைகள் உடைந்த சாமானைக் கொண்டுவருவார்கள். "இதுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டு, முடிந்ததை நிஜமாகவே ஒட்டித் தருவார். முடியாததை "இது முன்ன மாதிரி ஓடாது, ஆனா மெதுவா உருளும்" என்று உண்மையைச் சொல்லட்டும். எட்டு மாதமாக அவரை எல்லோரும் தூக்கிவிடுகிறார்கள். அவர் ஒன்றைத் தூக்கி நிறுத்துவதைப் பிள்ளைகள் பார்ப்பது இரண்டு பக்கத்துக்கும் தேவை. பைக் சத்தம் அவரையும் உலுக்குகிறது என்றால் முதலில் பார்வையாளராக இருக்கட்டும், தனக்கென ஒரு மருத்துவரையும் பார்க்கட்டும்.

கடைசிப் பத்து நிமிடத்தைக் குறைக்காதீர்கள். வேஷத்துண்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டு மூடுங்கள். ஒவ்வொருவரும் தன் பெயரையும், மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்பதையும் சொல்லுங்கள். முகம் கழுவி, எல்லோரும் சேர்ந்து கடலை உருண்டையோ பொரியோ சாப்பிடுங்கள். வேஷம் கலைக்காமல் எழுந்துபோன பிள்ளை அந்தப் பயத்தை ராத்திரி முழுக்கப் போட்டுக்கொண்டு படுக்கும்.

மகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவள் நினைவுதான் அதிகம் வந்தது. தொல்லை தராத பிள்ளை நன்றாக இருக்கிறது என்று வீடு நம்பிவிடும். தம்பிக்கு ஆட்டம் காட்டும் உதவியாளாக அவளை வைக்காதீர்கள். விரும்பினால் விளக்கைப் பிடிக்கட்டும், அதுவும் வேண்டாம் என்றால் வேண்டாம். வாரம் ஒருமுறை 20 நிமிடம் அவளோடு தனியாக மொட்டைமாடியில் உட்காருங்கள். பேச்சு வராவிட்டால், தம்பி கதையில் வரும் ஒருவருக்கு அவள் ஒரு கடிதம் எழுதலாம். 12 வயதுக்குப் பொம்மை கூச்சம் தரும், எழுத்து தராது. பாட்டிக்கு ஆரம்ப மணி அடிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். வேண்டுமானால் விளையாட்டுக்கு முன் திருநீறு பூசிவிடட்டும். அபசகுனம் என்ற பயம் அவருக்கு அதிலேயே பாதி குறையும்.

இவை வீட்டில் செய்யக்கூடிய அளவு. இதைச் சிகிச்சை என்று சொல்லிக்கொள்ள வேண்டாம், துணை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோவுக்குப் பிள்ளைகளிடம் நன்றாக ஆராய்ந்து பார்க்கப்பட்ட சிகிச்சை, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே பரிந்துரைக்கிறது. அதிலும் ஒரு கட்டத்தில் பிள்ளை நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதையாகச் சொல்லும், ஆனால் பயிற்சி பெற்றவர் துணையோடு. எட்டு மாதம் ஆகிவிட்டதால், வீட்டில் இதைத் தொடங்கும்போதே ஒருமுறை நிபுணரிடமும் காட்டிவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் மாவட்ட மனநலத் திட்டத்திலும் கட்டணம் இல்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம். மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்கத் தயங்காதீர்கள். "நாடக தெரபி" என்று பலகை மாட்டியிருந்தால் எங்கே, எத்தனை மாதம் பயின்றார் என்று கேளுங்கள். இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை போதாது.

நாலு வாரம் ஆன பிறகும் மோதல் இம்மியும் மாறவில்லை, ஆட்டத்துக்குப் பின் தூக்கம் மோசமாகிறது, நடுவில் வெறித்துப் பார்த்துக்கொண்டு உறைந்துவிடுகிறான் என்றால் நிறுத்துங்கள். உறைந்த நேரத்தில் கையைப் பிடித்து உலுக்க வேண்டாம். பெயரைச் சொல்லி, "நம்ம வீட்டுல இருக்கோம், பாய் எப்படிச் சொரசொரன்னு இருக்கு பாரு" என்று காலடியைத் தரையில் உணரவையுங்கள், தண்ணீர் கொடுங்கள். சாகணும் என்ற பேச்சு எந்தப் பிள்ளையிடம் வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். அரிதாக, விளையாட்டின் நடுவே விபத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று வெளிவரும். யாரோ தொட்டார்கள், அடித்தார்கள் என்று. அங்கே கதையை நிறுத்தி, "சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல" என்று சொல்லி, துருவிக் கேட்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். பாலியல் தொல்லை என்றால் தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டம்.

சார்ட் பேப்பரை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். "பயம் தெளியட்டும்" என்று கடைக்குக் கூட்டிப்போய் அவன் கையாலேயே வாங்கவைக்க வேண்டாம். பள்ளியில் வகுப்பாசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, இந்தப் பருவம் முழுக்க அவனுக்குச் சாதாரணத் தாளில் வேலை கொடுக்கச் சொல்லுங்கள். அவனாக ஒருநாள் சார்ட் வேணும் என்று கேட்பான். அன்றைக்கு நீங்களும் அவனும் நடந்தே போகிற கடையாகப் பார்த்து வாங்குங்கள். சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட சார்ட்டை வீட்டுக்கு யார் தூக்கி வருவது என்பதை அவனிடம் விடுங்கள்.